காயாத பெயின்ட்

அந்த வாரம் முழுக்க அண்ணன் என்னிடம் பாசமாக இருந்தான். இப்போது நினைத்தால் அதுதான் முதலில் வலிக்கிறது.

காலையில் நான் பட்டறைக்குப் போவதற்குள் எனக்கும் சேர்த்து டீ வாங்கி, ஆறாமல் இருக்க டம்ளர் மேல் ஒரு தகடு போட்டு மூடி வைத்திருப்பான். நான் ஸ்பேனரைத் தேடினால் அவனே எடுத்துக் கையில் கொடுப்பான். வெள்ளிக்கிழமை மத்தியானம், "மிஷினுக்கு நான் கிரீஸ் வெச்சு விடுறேன், நீ வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கண்ணசந்துட்டு வா. முகமெல்லாம் ஒட்டிப்போச்சு" என்றான். சாப்பாடு கொண்டுவந்திருந்த அண்ணி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால், "கட்டினவகிட்ட ஒரு நாள் இப்படிப் பேசியிருப்பீங்களா?" என்று ஒரு பிடி பிடித்திருப்பாள். அன்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அது எனக்கு உறைக்கவே இல்லை. நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் பட்டறை, ஊரைவிட்டு வெளியே போகும் ரோட்டில், வயல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. தகரக் கூரை, மண் தரை, ஒரு நீள மேஜை. மற்ற மாதங்களில் தண்ணீர் பம்பு, சைக்கிள், கேட்டுக் கீல் என்று எது வந்தாலும் பார்ப்போம். அறுவடை நெருங்கிவிட்டால் கதிரடிக்கும் மிஷின்கள் மட்டும்தான். பின்பக்கம் ஒரு பெரிய குவியல் உண்டு. உடைந்ததும் எரிந்ததும் கவிழ்ந்ததுமான வண்டிகளிலிருந்து நாங்கள் கழற்றிக்கொண்டு வந்த சாமான்கள். வருகிறவர்கள் அதைச் சுடுகாடு என்பார்கள். எனக்கு அது பேர்ப்பலகை விழுந்துபோன ஒரு ரயில் ஸ்டேஷன் மாதிரித் தெரியும். ஒவ்வொரு சாமானும் எங்கிருந்தோ வந்து இறங்கி, அடுத்த வண்டிக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குவியலுக்கும் பட்டறை மேஜைக்கும் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு சாமானைத் திறந்து, கழுவி, உள்ளே பார்த்து, நன்றாக இருக்கிறது என்று உறுதியானால், பார்த்தவர் அதன் மேல் கட்டைவிரலால் ஒரு பொட்டு பெயின்ட் வைப்பார். அண்ணனுடையது நீலம், என்னுடையது மஞ்சள். குறி இருந்தால் இரண்டு அர்த்தம். இது இன்னாருடையது, கேட்காமல் தொடாதே. இது பார்த்த சாமான், மறுபடி திறந்து நேரத்தை வீணாக்காதே. அறுவடை நேரத்தில் ஒன்றை இரண்டு தடவை திறந்துகொண்டிருக்க முடியாது. நீலப் பொட்டைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன். மஞ்சளைப் பார்த்தால் அவனும் அப்படித்தான்.

அந்தக் குவியலில் இருந்துதான் நான் எனக்கென்று ஒரு கதிரடிக்கும் மிஷினைச் சேர்த்தேன். உருளையும் அச்சும் தீப்பிடித்த ஒரு மிஷினுடையவை. காற்றாடி ஒரு மாவு மில்லில் கிடைத்தது. சல்லடை யாரோ கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்திருந்தது. சக்கரங்கள் இரண்டும் இரண்டு வேறு வண்டிகளுடையவை என்பதால் ரோட்டில் போகும்போது லேசாக நொண்டும். மிஷின்களை வயலுக்கு இழுத்துப்போகிற டிராக்டர்காரர் அதற்கு ஒட்டு ராணி என்று பேர் வைத்தார். "ராணியம்மா எப்போ நகர்வலம் வராங்க?" என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பார்.

உருளையின் அச்சைத் தாங்கும் பேரிங்குகள் இரண்டு. அதில் ஒன்றுக்குத்தான் ரொம்ப அலைந்தேன். பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த ஒரு மிஷினில், இரும்புக் கூட்டோடு அப்படியே கிடைத்தது. அண்ணனும் நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழற்றினோம். ஸ்பேனர் நழுவி விழ, அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கித் தேடினான். மூன்றாம் தடவை எழுந்தபோது கையில் ஸ்பேனருக்குப் பதில் ஒரு பழைய செருப்பு. இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வீட்டுக்கு வந்து கூட்டைத் திறந்தால் வெளியேதான் சேறு, உள்ளே எஃகுக் குண்டுகள் புதுசாக மின்னின. அன்றைக்கே மஞ்சள் வைத்துவிட்டேன்.

இந்த அறுவடைக்கு ஒட்டு ராணி முதல் தடவையாக வயலுக்குப் போவதாக இருந்தது. அது ஓடினால் நான் அண்ணனின் பட்டறையில் கூடமாட வேலை செய்கிற தங்கச்சியாக இல்லாமல், வயல் வயலாகப் போய்க் கதிரடித்துக் கொடுக்கிற மிஷின்காரி ஆகிவிடலாம். ஊரில் இதுவரை அந்த வேலையைச் செய்தது அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர்தான். எங்களுக்கு மச்சான்; ஊரில் எல்லோரும் அவரையும் அவர் மிஷினையும் பெரிய மிஷின் என்றே சொல்வார்கள். அவர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் அறுவடை.

மேட்டு வயல் அத்தைதான் துணிந்து முதலில் என்னைக் கூப்பிட்டாள். சொந்தத்தில் அத்தை இல்லை, வாய்நிறைய அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. "பெரிய மிஷின்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன்டி. இந்த வருஷம் உன் தயவு வேணாம், எங்க பொண்ணு வருதுன்னு" என்றாள். "என் மானத்தைக் காப்பாத்து. கதிரு அப்புறம்."

திங்கட்கிழமை காலை டிராக்டர் ஒட்டு ராணியை இழுத்துக்கொண்டு போனது. அண்ணன் வரவில்லை. மச்சானின் மிஷினில் ஏதோ வேலை இருக்கிறது என்றான். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "பதறாம ஓட்டு" என்று மட்டும் சொன்னான்.

மேட்டு வயலில் கதிர்க்கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேற்கே மேகம் கறுத்திருந்தது. டிராக்டரில் பெல்ட்டை மாட்டினோம். உருளை சுற்ற ஆரம்பித்தது, காற்றாடி சீறியது, நொண்டிச் சக்கரங்களுக்குக் கீழே வைத்த கல்கூட அசையவில்லை. முதல் கட்டை நானே உள்ளே கொடுத்தேன். ஒரு பக்கம் வைக்கோல் பறந்தது, மறு பக்கம் தானியம் சுத்தமாகக் கொட்டியது. அத்தை இரண்டு கையாலும் அதை அள்ளி முகர்ந்து பார்த்தாள். "ராணிக்கு ஒரு கிரீடம் பண்ணிரலாமா?" என்று டிராக்டர்காரர் கத்தினார். நான் சிரித்தேன். அவ்வளவு பெரிய சத்தத்துக்கு நடுவே மனசுக்குள் ஓர் அமைதி இருந்தது.

பிறகு ஒரு சின்ன முனகல் கேட்டது.

முதலில் பெல்ட் என்று நினைத்தேன். முனகல் ஊளையாக மாறியது. உருளை லேசாக ஆடி, அடித் தகட்டில் உரசத் தொடங்கியது. எரிந்த கிரீஸ் வாசனை வந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று ஓடிப்போய், எது சுடுகிறது என்று பார்க்க ஆற்றில் எடுத்த பேரிங் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுரீரென்றது. கையை இழுத்துக்கொண்டு பார்த்தேன்.

உள்ளங்கையில் மஞ்சள்.

சூடு பட்ட தோல் எரிந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நான் வைத்த பொட்டு எப்போதோ காய்ந்து கல்லாகிவிட்டது. சுத்தியால் தட்டினால்கூட உதிராது. இது போன வாரம் வைத்த பெயின்ட். கூட்டைத் துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தது. அந்த வெட்டு எனக்குத் தெரியும். பெரிய மிஷினின் பேரிங் கூட்டில் இருப்பது அது. போன அறுவடையில் நான்தான் உளி நழுவி அதை வெட்டினேன்.

நான் கொண்டுவந்த உருளையும் பெரிய மிஷினின் உருளையும் ஒரே வகை. அதன் பேரிங் இதற்குப் பொருந்தும். இதனுடையது அதற்கும் பொருந்தும்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அத்தை.

"பேரிங் போச்சு அத்தை."

"பாக்காமயா மாட்டினே?"

நான் என்ன சொல்வேன்? பார்த்ததற்குத்தானே குறி. குறி இருந்ததால்தானே பார்க்கவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அத்தை மேகத்தைப் பார்த்தாள், கட்டுகளைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "பெரிய மிஷினை நான் கூப்பிட மாட்டேன். நீயே கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். நான் போன் செய்தேன்.

பெரிய மிஷின் வந்தபோது அண்ணன் அதன் பக்கப் பலகையில் நின்றுகொண்டு வந்தான். மச்சான் இறங்கியதும் அத்தையைப் பார்த்து, "என்ன, எங்க தயவு வேணாம்னீங்க?" என்றார். அத்தை தலை நிமிரவில்லை. நான் அவர்களைத் தாண்டிப் போய் மிஷினின் பக்கவாட்டில் குனிந்தேன். அங்கே என் மஞ்சள் பொட்டு இருந்தது. காய்ந்து, விரிசல் விட்டு, என் கட்டைவிரல் ரேகையோடு. அதை அழிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

அண்ணன் பின்னால் வந்து நின்றான். நான் கையை விரித்துக் காட்டினேன். மஞ்சளில் உமி ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமையா?" என்றேன்.

"மச்சானோட பேரிங் தேஞ்சுபோச்சு. புதுசு டவுன்ல எங்கயும் கெடைக்கல. வர ஒரு வாரமாகும்னுட்டாங்க. மச்சான் மிஷின் நின்னா ஊரே நிக்கும். உன்னுது சின்ன வேலைதானே, பழசு ரெண்டு நாள் தாங்கும்னு நெனச்சேன். அப்புறம் மாத்திருப்பேன், சத்தியமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அவன் மச்சான் நிற்கும் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கேட்டா குடுத்திருப்பே. தெரியும்."

"அப்புறம் என்ன?"

"நீ குடுத்ததா ஆயிரும்ல. மச்சான் எதிர்ல, தங்கச்சிகிட்ட கை நீட்டி வாங்கினவன்னு நான் நிக்கணும்."

அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும் வாய் கேட்டது. "எடுத்தியே, அதோட விட்டிருக்கலாமே அண்ணா. பெயின்ட் எதுக்கு? குறி இல்லாம இருந்தா நான் தெறந்து பாத்திருப்பேனே."

"அதுக்குத்தான்" என்றான் அண்ணன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆனது. அதற்குள் மச்சான், "பேச்செல்லாம் வீட்ல போய் வெச்சுக்கோங்க, மழை வருது" என்று சத்தம் போட்டார். பெல்ட்டை மாட்டினார்கள்.

கட்டு கொடுக்க ஆள் போதவில்லை. அத்தையின் கதிர் நனைவதை நின்று வேடிக்கை பார்க்க என்னால் முடியவில்லை. நானே பெரிய மிஷினின் வாயருகே போய் நின்று கட்டுகளை உள்ளே தள்ளினேன். என் பேரிங் ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் சுழன்றது. ஆற்றுக்கு அடியில் கிடந்து, எனக்காகக் காத்திருந்து, கடைசியில் தப்பான வண்டியில் ஏற்றிவிடப்பட்டது போல இருந்தது. ஒட்டு ராணி ஓரத்தில் நின்றது. டிராக்டர்காரர் அதன் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனார். அவர் கேலி பண்ணியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கடைசி மூட்டையைக் கட்டி முடித்தபோதுதான் தூறல் விழுந்தது. அத்தை என் பக்கம் வந்து, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றாள். யாரைக் கூப்பிடுவாள் என்று சொல்லவில்லை.

வீட்டில் அண்ணி தலைகுனிந்தபடி எனக்குச் சோறு போட்டாள். "வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்" என்றாள். "கூடப்பிறந்தவன் ஒரு பக்கம், கட்டினவர் ஒரு பக்கம். என்னன்னு சொல்றது?" நான் சாப்பிட்டேன். அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் எந்தக் குறியும் வைக்கவில்லை.

அறுவடை முடிந்து, வயல்களில் வெறும் அடித்தாள் மட்டும் நின்ற ஒரு காலையில், அண்ணன் பட்டறை மேஜையில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்தான். பக்கத்தில் தகடு மூடிய டீ டம்ளர்.

"உன் சாமான்" என்றான். "கழுவி, புது கிரீஸ் போட்டிருக்கேன். நல்லா இருக்கு, நானே பாத்துட்டேன்."

பொட்டலத்தைப் பிரித்தேன். அதே கூடு, அதே விரிசல் விட்ட மஞ்சள் பொட்டு. உள்ளங்கையில் தோல் உரிந்த இடம் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. ஸ்பேனரை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, கூட்டைத் திறந்தேன். அவன் போட்ட கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினேன். குண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். காதருகே வைத்துச் சுற்றினேன். ஒரு குறையும் இல்லை.

"நான்தான் சொன்னேன்ல" என்றான்.

"சொன்னே."

மறுபடியும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, புதிதாகக் கிரீஸ் வைத்து மூடினேன். பெயின்ட் டப்பா அலமாரியிலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மேஜையின் அந்தப் பக்கத்தில், மத்தியானம் ஆள் வந்து எடுத்துப்போக வேண்டிய ஒரு தண்ணீர் பம்பு இருந்தது. அண்ணன் முந்தின நாள் முடித்து வைத்தது. நீலப் பொட்டு இன்னும் பளபளப்பாக இருந்தது.

அதை என் பக்கம் இழுத்து, முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.