மூடியிருந்த வடிகுழாய்கள்

விழாவுக்கு முந்தின நாள் மாலை, நீராவி எஞ்சினின் வெள்ளோட்டம் முடிந்து எல்லாரும் கை கழுவப் போனபோது, அவள் சிலிண்டருக்கு அடியில் குனிந்து இரண்டு வடிகுழாய்களையும் மூடினாள். பித்தளைக் கைப்பிடிகள் சத்தமில்லாமல் திரும்பின. மூன்று மாதமாக அவற்றுக்கு எண்ணெய் விட்டுத் தேய்த்தவள் அவள்தானே. காலையில் கொதிகலன்காரர் நீராவியைத் திறந்துவிட்டு நகர்ந்ததும், எஞ்சினுக்கு அது போகாமல் சுவரோர வால்வை இறுக மூடினாள். யாரும் சாக வேண்டாம். ஒருவருடைய மானம் போனால் போதும்.

அவளுக்கு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கரும்புச் சாற்றைச் சோதிக்கும் வேலை. நீராவி எஞ்சினுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. மின்மோட்டார்கள் வந்த பிறகு அது தனி அறையில் தூசி படிந்து கிடந்தது. ஆலையின் நூறாவது ஆண்டுக்கு அதை ஒருமுறை ஓட்டிக் காட்டலாம் என்று மேலாளர் சொன்னதும், துடைக்கிற வேலைக்குத் தானாகவே போய் நின்றாள்.

“லேப்ல உக்காந்து போரடிச்சிடுச்சா பாப்பா?” என்றார் ஃபிட்டர்.

“ஆமாண்ணே.” அதற்கு மேல் அவளுக்குப் பேச வராது.

அந்த எஞ்சினை ஓட்டியவர் அவளுடைய அப்பா. எஞ்சின் நின்றதும் உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அது வடிவதற்காக வடிகுழாய்கள் திறந்தே கிடக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்போது நீராவியைத் திறந்தால் பிஸ்டன் அதில் போய் மோதும். தண்ணீர் அமுங்காது, இரும்புதான் உடையும். அதனால் அந்த அறைக்கென்று ஒரு விதி இருந்தது. நீராவியைத் திறக்கும் கைச்சக்கரத்தைத் திருப்பப் போகிறவர், முதலில் தன் கையாலேயே வடிகுழாய்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இன்னொருத்தர் சொன்னார் என்று நம்பக் கூடாது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மேலாளர் வெறும் இளம் பொறியாளர். எப்போதும் மணிக்கட்டைப் பார்ப்பதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். ஒருநாள் எஞ்சின் நின்றதும் அப்பா வடிகுழாயைத் திறக்கக் குனிந்திருக்கும்போதே, கடிகாரம் மறுபடி ஓட்டும் அவசரத்தில் கைச்சக்கரத்தைத் திருப்பிவிட்டார். சிலிண்டர் மூடி தெறித்து அப்பாவின் இடது முழங்காலை நொறுக்கியது. திருப்பியது அப்பாதான் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார் கடிகாரம். கைச்சக்கரத்தருகே நின்றவரின் காலில் மூடி எப்படி வந்து விழும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினைந்து வயதில் அவள் அதை அளவுகோல் வைத்து வரைந்து பார்த்தாள். எப்படி வரைந்தாலும் விழவில்லை.

அப்பாவுக்கு வேலை போனது, பட்டப்பெயர் மிஞ்சியது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று காவலாளி, “யாரு, குழாயை மறந்தவரு பொண்ணா?” என்று சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தார்.

பத்து மணிக்கு அறை நிறைந்தது. முன்வரிசையில் பழைய தொழிலாளிகள். ஓரத்தில் ஊன்றுகோலோடு அப்பா. “நான் எதுக்கும்மா அங்க?” என்றவரை அவள்தான் விடாப்பிடியாக அழைத்து வந்திருந்தாள். அவர் பார்க்க வேண்டும்.

“நான் ஓட்டுறேன் சார்,” என்றார் ஃபிட்டர்.

“அட, நான் ஓட்டாத எஞ்சினா? தள்ளுய்யா.” மேலாளர் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “எல்லாம் ரெடிதானேம்மா?”

“நீங்களே ஒருதடவ தொட்டுப் பார்த்துடுங்க சார்.”

அவர் குனியவில்லை. மணிக்கட்டைப் பார்த்தார். கைச்சக்கரத்தைப் பிடித்தார்.

வால்வு மூடியிருப்பதால் எஞ்சின் அசையாது, எல்லாரும் விழிப்பார்கள். அப்போது ஒலிபெருக்கியில் அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “வடிகுழாயைத் தொட்டுப் பார்த்தீங்களா சார்?” கண்ணாடி முன் நின்று அதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். மீதி முன்வரிசைக்குப் புரியும்.

சக்கரம் கால் சுற்று திரும்பியது. குழாயில் மிச்சமிருந்த நீராவி சீறியது.

“திருப்பாதே!”

அப்பாவின் குரல். வீட்டில் அவள் கேட்டறியாத குரல். ஊன்றுகோல் தரையில் விழுந்தது. காலை இழுத்துக்கொண்டு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, அதே இடத்துக்கு, அதே மூடிக்கு நேராகப் போய்க் குனிந்தார். இரண்டு கைப்பிடிகளையும் அறைந்து திறந்தார். பழுப்புத் தண்ணீர் பீறிட்டுத் தரையில் பரவியது.

அவளுடைய திட்டத்தில் அப்பா வெறும் பார்வையாளராகத்தான் இருந்தார்.

மேலாளர் வெளுத்துப்போனார். பிறகு ஃபிட்டர் பக்கம் திரும்பினார். “குழாயைத் திறக்காம விட்டது நீயாய்யா?”

அவள் ஃபிட்டரை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

“திருப்புறவங்கதான் தொட்டுப் பாக்கணும்,” என்றார் அப்பா, குனிந்தபடியே. “அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான் சார்.”

பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்: “அப்போ குழாயை மறந்தவரு நம்ம மேனேஜருதானாடா!”

ஒருவர் சிரித்தார். பிறகு இன்னும் பலர். முன்வரிசை மட்டும் சிரிக்காமல் மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மணிக்கட்டைத் தூக்கினார், தாழ்த்தினார், மறுபடி தூக்கினார். அந்தக் காட்சியை அவள் ஒரு துளி சிந்தாமல் குடித்தாள்.

அப்பா மேலாளரைப் பார்க்கவில்லை. எண்ணெய் மினுங்கும் கைப்பிடியைப் பார்த்தார். அங்கிருந்து குழாயின் மேலேயே கண்ணை ஓட்டிப் போய், சுவரோரம் மூடியிருந்த வால்வில் நிறுத்தினார். கடைசியாக அவளைப் பார்த்தார்.

“தூக்கி விடும்மா.”

அவள் கோட்டைக் கை நழுவவிட்டுப் போய்க் கையைக் கொடுத்தாள். எழுந்த பிறகும் அவர் விடவில்லை. அவள் விரல்களை விரித்து, நகக்கண்களில் படிந்திருந்த எண்ணெய்க் கறுப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். தரையில் கோட்டின் ஒரு கை நனைந்து, பழுப்பு மெல்ல மெல்லத் தோள்வரை ஏறிக்கொண்டிருந்தது.