ஓரத்துச் சிவப்பு வரி

துருக்கியக் குடியுரிமைக்கு ஏழு தாள் கேட்டார்கள். ஏழும் துருக்கிய மொழியில் இருக்க வேண்டும். ஆறு தாளை எட்டு மாதத்தில் சேர்த்துவிட்ட ரகீதாவுக்கு ஏழாவதுதான் தண்ணி காட்டியது. சொந்த ஊரான அலெப்போவிலேயே இருக்கும் அண்ணன் முன்ஸிர் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, குடும்பப் பதிவின் நகலை வாங்கி, பஸ் டிரைவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். வியாழக்கிழமை மனுவைக் கொடுக்க வேண்டும். இன்று செவ்வாய்.

அவளுக்குக் கொடி பிடிக்கவோ ஓட்டுப் போடவோ ஆசையில்லை. மகள் லுஜைன் மெர்சினில் இரண்டாவது முறையாக உண்டாகியிருக்கிறாள். ரகீதா தங்கியிருக்கும் காஸியான்டெப்பை விட்டு வெளியூர் போவதென்றால் அகதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். முதல் பிரசவத்துக்கு அந்தச் சீட்டு கைக்கு வந்தபோது குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்துவிட்டது. பெற்ற மகள் வலியில் துடிக்கும்போது தாய் வரிசையில் நின்றாள். இன்னொரு தடவை அப்படி நிற்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வைராக்கியம்.

மொழிபெயர்ப்பாளர் ஜெவ்தெத் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் செய்தவர். நோட்டரி அலுவலகத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"அக்கா, இதுல ரகீதாங்கிறது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"பொறந்தது அறுபத்தாறு. சரி. அறுபத்தேழுல இறந்துட்டதா ஓரத்துல எழுதியிருக்கே?"

ரகீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்தவளா மூணு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிட்டு இருக்கா, உஸ்தாத்? எவனோ தூங்கி வழிஞ்சுக்கிட்டே எழுதியிருக்கான்."

ஆனால் அந்தச் சிவப்பு மை வரிக்குக் கீழே போன மாதத் தேதியும் முத்திரையும் இருந்தன. அவள் அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வந்துச்சா தங்கச்சி?" முன்ஸிரின் குரலில் பெருமை பொங்கியது. "எல்லாத்தையும் நேராக்கிட்டேன்."

"என்னத்த நேராக்கினீங்க? என்னைச் சாகடிச்சு வச்சிருக்கீங்க!"

"நீ இல்லம்மா. மூத்தவ."

"எந்த மூத்தவ?"

அண்ணன் சொன்னார். முதலில் ஒரு ரகீதா இருந்தாள். பதினாலாம் மாதத்தில் அம்மை போட்டுப் போய்விட்டாள். அடுத்த வருடம் இவள் பிறந்தாள். பதிவு அலுவலகத்துக்கு அரை நாள் பயணம். பெயரும் இருக்கிறது, தாளும் இருக்கிறது, எதற்கு வீண் அலைச்சல் என்று வாப்பா அதையே இவளுக்குக் கொடுத்துவிட்டார்.

"அந்தக் காலத்துல பாதி ஊரு அப்படித்தான். இப்ப பதிவு ஆபீஸ்ல இருந்த ஆளு, இதுல யாராவது மவுத்தாயிட்டாங்களான்னு கேட்டான். ஹஜ் முடிச்சிட்டு வந்த வாயால இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் பொறந்ததையும் எழுதச் சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேனே. அதுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு வேணுமாம்."

"நீங்க சொர்க்கத்துக்குப் போறதுக்கு என்னைக் கபுருக்கு அனுப்பிச்சிட்டீங்களே, ஹாஜியாரே!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதற்கென்றே சில நல்லவர்களை ஆண்டவன் படைத்திருக்கிறான். திட்டித் தீர்த்த பிறகு அவள் கேட்டாள்: "அவளை எங்க அடக்கினாங்க?"

"உனக்குத் தெரியாதா? உம்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உன்னைத்தானே கூட்டிட்டுப் போவாங்க."

ரகீதா போனைக் கீழே வைத்தாள். கபுருஸ்தான் சுவரோரம் இருந்த ஒரு சின்ன மண்மேடு நினைவுக்கு வந்தது. கல் கிடையாது. சின்ன வயதில் கை வலிக்கத் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து போய் அதன்மேல் ஊற்றியது அவள்தான். யாரோட கபுரு உம்மா இது என்று சிணுங்கினால், "யாரோ பெத்தது, ஊத்து" என்பாள் தாய். தான் பெற்றதை யாரோ பெற்றது என்று சொல்ல அந்த மனுஷி என்ன பாடுபட்டிருப்பாள்!

ஜெவ்தெத் தொண்டையைச் செருமினார். "அக்கா, இங்க யாருக்கும் அரபி படிக்கத் தெரியாது. ஓரத்துல தெளிவில்லாத முத்திரைன்னு ஒரு வார்த்தை போட்டுடறேன். வியாழக்கிழமை நீங்க பாட்டுக்கு மனுவைக் கொடுங்க. இருபத்தோரு வருஷத்துல இப்படி நான் செஞ்சதில்ல. உங்களுக்காகச் செய்யறேன்."

"உள்ளபடி எழுதினா?"

"மனு நின்னுபோகும். அங்க தீர்ப்பு வந்தாத்தான் நகரும். ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

மகளின் முகம் வந்து நின்றது. இரண்டாவது பிரசவமும் தாயில்லாமலே நடந்துவிடும். சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தாள். பெயரை எடுத்துக்கொண்டாயிற்று. பிறந்த நாளையும் எடுத்துக்கொண்டாயிற்று. அந்தப் பிள்ளைக்கென்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

"எழுதுங்க உஸ்தாத். உள்ளபடியே எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா மாத்திடுவேன். சீக்கிரம் எழுதுங்க."

அவர் தட்டச்சு செய்து முடித்தார். கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டி, தாளுக்குரியவர் வாயால் ஆமென்று கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். ஒவ்வொரு பெயராக வாசித்தார். "ரகீதா. பெண். பிறப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. இறப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு."

"ஆமா," என்றாள். "என் அக்கா."

ஜெவ்தெத் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்து, மரண வீட்டில் சொல்வதை அப்படியே சொன்னார். "ஆண்டவன் உங்களுக்குப் பொறுமையக் கொடுக்கட்டும், அக்கா. அந்தப் பிள்ளைக்குச் சொர்க்கத்துல இடம் கிடைக்கட்டும்."

பிறகு ஜன்னல் வழியாகக் கீழே டீக்கடைக்குக் குரல் கொடுத்தார்.

"ரெண்டு காப்பி. சர்க்கரை போடாம."

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அலெப்போவில் அப்படித்தான் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைக்காக யார் வீட்டிலும் அது காய்ச்சப்பட்டிருக்காது. காப்பி வந்தது. ஐம்பத்திரண்டு வருடத் துக்கத்தை ரகீதா அந்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்து அழுதாள்.