மெயினை இறக்கிய கை

ஆடிப்பெருக்குப் பூஜையில் வைக்கிற அடுத்த வருஷத்து மாதிரிக் காலண்டர் ஆல்பத்தில் நான் வரைந்த படம் ஒன்றாவது வரவேண்டும் என்று ஒரு வருஷமாகத் தவம் கிடந்தவள் நான். அச்சகத்தில் சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார்கள். தவறினால் அந்தப் பக்கம் வேறு ஆளுக்குப் போய்விடும். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நான் படம் வரைகிற கடைக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையில் பெயரைக் கேட்டு வெள்ளை எழுத்தில் ஒற்றை வரி. வேறொன்றும் இல்லை.

யார் வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி, எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர், இப்போது என் கடையில் ஒத்தாசைக்கு இருக்கிறார். அறையை விட்டு வெளியே வந்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. சாப்பிடக் கிளம்பியபோது கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததைக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்.

"இங்கன என்ன பட்டாசு மருந்தா கலக்குறோம்? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே!"

அவர் வாசல் வெயிலில் போய் நின்றுகொண்டார்.

விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மஹ்ரீனுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இந்த லினக்ஸை ஏற்றிக்கொடுத்தவளே அவள்தான்.

"அழாதீகக்கா. படம் உள்ளதான் இருக்கும். பேரையும் பாஸ்வேர்டையும் அடிங்க."

பாஸ்வேர்டு அடிக்கையில் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. "விழாதுக்கா, நீங்க பாட்டுக்கு அடிங்க" என்றாள். பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்க வைத்தாள். பிறகு எழுத்தெழுத்தாக ஒரு வரி சொன்னாள்: sudo systemctl set-default graphical.target.

"இனிமே படத்தோடதான் தொறக்கணும்னு அதுக்குச் சொல்லியாச்சு. ஆஃப் பண்ணிப் போடுங்க."

போட்டேன். நீலத்திரை வந்தது, நடுவில் என் பெயரோடு. உள்ளே படம் அப்படியே இருந்தது. அச்சகத்துக்கு அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"நீ நல்லா இருக்கணும் தாயி" என்றேன்.

"மெயினை யாருக்கா இறக்குனது?"

"எங்க வீட்டுக்காரருதான். புதுப்பட்டிப் பழக்கம்."

"அண்ணனைத் திட்டாதீகக்கா. எங்க பக்கத்து வீட்டு முனியராஜ் அண்ணனும் பட்டாசு வேலைதான். போன சீசன்ல ஒரு நாள் மெயினை இறக்க மறந்துட்டாக. பொறி பட்டு மருந்து வெடிச்சுருச்சு. இப்ப அவுக இல்ல."

போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். இன்னும் வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தார். அத்தனை சீசனிலும் சாயங்காலமானால் முழுசாக வீட்டுக்கு வந்து சேர்ந்த மனுஷன். ஒரு நாளாவது அதற்காகச் சந்தோஷப்பட்டிருக்கிறேனா?

சாயங்காலம் கடையை அடைத்துக் கிளம்பும் நேரத்தில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கம்ப்யூட்டரை முறையாக அணைத்தேன்.

"இப்ப இறக்குங்க."

"எனக்கெதுக்கு வம்பு. நீயே இறக்கு, லட்சுமி."

"இல்ல, நீங்கதான் இறக்கணும். தெனமும் நீங்கதான்."

இறக்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன்.