மூன்றாவது மடிப்பு

டவல் என்றால் மெஷின் மடித்துவிடும். பெட்ஷீட்தான் சிக்கல். முதல் மடிப்பு சரியாக விழும், இரண்டாவதும் விழும். மூன்றாவதில் ஒரு முனை ரோலருக்கு அடியில் போய்விடும். பிறகு மெஷின் அதை மென்று, பந்தாக்கி, தட்டில் துப்பும்.

“கன்னுக்குட்டி வாயில துணி மாட்டின மாதிரிதான் மேடம்,” என்றாள் அந்த மெஷினைச் செய்த லாண்டரிக்காரி.

அதிகாரி பந்தைப் பிரித்துப் பார்த்தாள். ஓரத்தில் மருத்துவமனையின் முத்திரை. துணியில் இன்னும் உலர்த்தியின் சூடு இருந்தது. சுவரோரம் தேய்ப்பு மேசையில் லாண்டரிக்காரியின் கணவர் தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உயரமானவர். மேசைக்காகக் குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது.

“மூணாவது மடிப்புக்கு ரோலர் போதாது. கை மாதிரி ஒண்ணு வேணும். பிடிக்கணும், இழுக்கணும், சரியான நேரத்துல விடணும். முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதான் தோத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். தப்பில்லையே?” என்றாள் லாண்டரிக்காரி.

“தப்பே இல்லக்கா.”

நாட்டின் புத்தாக்கக் கொள்கையில் தோல்வியைப் பற்றிய பிரிவை எழுதியவளே அதிகாரிதான். கண்டுபிடிப்பு வெற்றி பெற்றால் அரசே அதை வாங்கிக்கொள்ளும். ஆராய்ச்சி உதவி அத்தோடு நிற்கும். தோற்றால், தோற்றதை நேர்மையாகச் சொன்னவருக்கு மீண்டும் முயல உதவி உண்டு. கூட்டத்தில் சிரித்தார்கள். தோற்றவனுக்குப் பரிசா என்றார்கள். அவள் விடவில்லை. கடைசியில் அவளுடைய வாக்கியத்தையே அலுவலக வாசலில் பெரிதாக எழுதிவைத்தார்கள்: ‘தோற்றவரையும் வரவேற்போம்.’

அதற்குப் பிறகு யாருமே தோற்கவில்லை. வந்த அறிக்கையெல்லாம் வெற்றி. லாண்டரிக்காரியுடையதுதான் முதல் தோல்வி. மறுநாள் வரும் துணை அமைச்சருக்குக் காட்ட அதிகாரி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

கைபேசி அடித்தது. அவளுடைய துறையின் இயக்குநர்.

“நாளைக்கு என்னம்மா காட்டப்போறோம்?”

“தோல்விய சார். கொள்கை நிஜமாவே வேலை செய்யுதுன்னு…”

“வரவேற்போம்னுதான் எழுதினோம். மாலை போட்டுக் கூட்டிட்டு வருவோம்னு எழுதினோமா?”

அவள் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“வெளிநாட்டுக்காரங்களும் கூட வர்றாங்க. ஒரே ஒரு பெட்ஷீட். அது மடிஞ்சாப் போதும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்.”

அவள் மெஷினைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் தகரக் கதவு. திறந்தால் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம்.

“இது எதுக்குக்கா இவ்வளவு இடம்?”

“பெரிய மோட்டார் வேணும்னு நெனச்சேன். சின்னதே போதும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

“இதுல ஒருத்தர் உட்கார முடியுமா?”

அலமாரிக்கு அளவு கேட்பதுபோலத்தான் கேட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

தேய்ப்புப் பெட்டி நின்றது. லாண்டரிக்காரி முதலில் அவளைப் பார்த்தாள், பிறகு கணவரை.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்வாங்க. எங்க வீட்டுப் பூசணிக்காயோட உயரத்தப் பாத்தீங்கல்ல?”

“காலை மடக்கிக்கிட்டா உட்காரலாம்,” என்றார் கணவர். வருகிற விருந்தாளிக்குப் படுக்க இடம் உண்டா என்று யாரோ கேட்டதுபோல, நிஜமாகவே யோசித்துச் சொன்னார்.

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் லாண்டரிக்காரி. பிறகு அதிகாரியிடம், “நாளைக்கு ஒரு நாளைக்குத்தானே? அவங்க போனதும் நான் எழுதிக் குடுத்தது அப்படியே நிக்கும் இல்ல? எனக்கு அந்தக் கையப் பண்ணியே ஆகணும் மேடம்.”

“அப்படியே நிக்கும்,” என்றாள் அதிகாரி.

துணை அமைச்சர் மறுநாள் முற்பகலில் வந்தார். வெள்ளைச் சட்டை, சின்னச் சிரிப்பு. பின்னால் இயக்குநர், இரண்டு வெளிநாட்டினர், புகைப்படக்காரர். லாண்டரிக்காரி புதுப் புடவையில் நின்று பெட்ஷீட்டை மெஷினுக்குள் விட்டாள். ரோலர் உறுமியது. முதல் மடிப்பு. இரண்டாவது. சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தட்டில் பெட்ஷீட் வந்து விழுந்தது, புத்தகம் மாதிரி, முத்திரை மேலே தெரிய.

கைதட்டினார்கள். அதிகாரியும் தட்டினாள்.

“இன்னொண்ணு,” என்றார் துணை அமைச்சர்.

இன்னொன்றும் மடிந்தது. இந்த முறை ஓரத்தை நீவிவிட்டிருந்தது தெரிந்தது. எந்த மெஷினும் நீவிவிடாது. கணவர் பழக்கத்தில் செய்துவிட்டார்.

வெளிநாட்டவர் ஒருவர் பின்பக்கம் போய்த் தகரக் கதவில் கை வைத்தார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார்.

“காப்புரிமை இன்னும் கிடைக்கல,” என்றாள் அதிகாரி. “அதுவரைக்கும் திறக்கக் கூடாது.”

அந்த விதியும் அவள் எழுதியதுதான். கண்டுபிடிப்பாளரைக் காப்பதற்காக எழுதியது. அவர் மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டார்.

தேநீர் வந்தது. யாரும் கிளம்பவில்லை. அதிகாரி கோப்பையோடு தகரக் கதவின் மேல் சாய்ந்து நின்றாள். வேறு யாரும் அங்கே நின்றுவிடக் கூடாது. மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. வாயால் விடும் மூச்சு, இருமலை அடக்குகிற மூச்சு. தேநீரை அவள் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

துணை அமைச்சர் அங்கேயே அறிவித்தார். எல்லா அரசு மருத்துவமனைக்கும் இந்த மெஷின். வெற்றிப் பட்டியலில் இன்றே சேர்க்கச் சொன்னார். இயக்குநர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். லாண்டரிக்காரி அதிகாரியைத் தேடிப் பார்த்தாள். அதிகாரி கோப்பைக்குள் பார்த்தாள்.

எல்லோரும் புகைப்படத்துக்காக வாசலுக்கு நகர்ந்தபோது அவள் ஓடிப்போய் இயக்குநர் பக்கத்தில் நின்றாள்.

“சார், பட்டியல்ல சேர்க்க வேண்டாம். அது மடிக்கல.”

இயக்குநருக்கு மட்டும் கேட்கும் குரலில்தான் சொன்னாள். துணை அமைச்சர் திரும்பினார்.

“தெரியும்மா,” என்றார். கோபமே இல்லை. “மெஷின் எங்கயாவது ஓரத்த நீவி விடுமா? உள்ள இருக்கறவர முதல்ல வெளிய விடுங்க, மூச்சு முட்டப் போகுது.”

“அப்போ அந்த ஆர்டர்…”

“பண்ணிடுவாங்க. ஆர்டர் குடுத்தா அந்த மடிப்பு தானா வந்துடும். அவரையும் போட்டோக்குக் கூப்பிடுங்க, அவருதானே மடிச்சாரு.”

சிரித்தார்கள். இயக்குநர்தான் அதிகம் சிரித்தார்.

அதிகாரி உள்ளே போய்க் கதவைத் திறந்தாள். கணவர் முழங்கால்களுக்கு நடுவே தலையை வைத்து உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் பஞ்சு. சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. அவரால் எழ முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. அவள் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தகரத்தைப் பிடித்து எழுந்தார்.

“சரியா வந்துச்சா மேடம்?” என்று கேட்டார்.

“வந்துச்சுண்ணே.”

“ரெண்டாவதுல கொஞ்சம் கை வழுக்கிடுச்சு. அதான் நீவி விட்டேன்.”

புகைப்படத்தில் அவரை ஓரத்தில் நிறுத்தினார்கள். யாரும் பஞ்சைத் தட்டிவிடச் சொல்லவில்லை. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். அவர் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. அதிகாரி எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தாள்.

கார்கள் போயின. அவளுடைய காரும் காத்திருந்தது. அவள் திரும்ப உள்ளே வந்தாள்.

கணவர் தேய்ப்பு மேசையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். லாண்டரிக்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பெட்ஷீட்டைத் தனியாக மடிக்கப் பார்த்தாள். நடுவை மோவாயால் அழுத்திக்கொண்டாள். நுனி தரையில் புரண்டது.

அதிகாரி மறுமுனையை எடுத்தாள். லாண்டரிக்காரி வேண்டாம் என்று சொல்லவில்லை.

விரித்துப் பிடித்தார்கள். உதறினார்கள்.

“எத்தன மருத்துவமனை மேடம்?”

“எல்லாம்.”

“அப்போ ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வீட்டுக்காரர் வேணும். எங்கிட்ட ஒருத்தர்தான் இருக்காரு.”

மேசையிலிருந்து கணவர் லேசாகச் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

முதல் மடிப்பு. அதிகாரி முன்னே நடந்து தன் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

“நான் எழுதிக் குடுத்தது?”

“வெற்றிப் பட்டியல்ல ஏத்திட்டாங்கக்கா. ஏத்தினா மறுமுயற்சி கிடையாது.”

“அது யாரு போட்ட விதி?”

“நான்தான்.”

இரண்டாவது மடிப்பு. மறுபடியும் முன்னே நடந்தாள், பின்னே போனாள்.

“திரும்ப எழுதி அனுப்பறேன்,” என்றாள். “உள்ள ஆள் இருந்தாருன்னு. உட்காரச் சொன்னது நான்னு.”

“அனுப்புங்க,” என்றாள் லாண்டரிக்காரி. “அமைச்சருக்குத்தான் தெரியுமே. வாசல்ல சத்தமா சொன்னாரு, எனக்கும் கேட்டுது.”

இப்போது துணி குறுகிவிட்டது. அவர்களுக்கு நடுவே ஓர் அடிதான். மூன்றாவது மடிப்புக்கு அதிகாரி கிட்டே போய், முகத்துக்கு நேராக நின்று, முனைகளைச் சேர்த்து அவள் கையில் வைக்க வேண்டும். லாண்டரிக்காரி கைகளை நீட்டியபடி காத்திருந்தாள்.

அதிகாரி முனைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். ஒன்று நழுவியது.

“பிடிங்க,” என்றாள் லாண்டரிக்காரி.