கடைசி அத்தியாயத்தில் வந்தவன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் காதுக்கு ஏற்றபடி அக்கா ஃப்ரேமை வளைத்துக்கொண்டிருந்தபோது, எட்டு வருடம் முன்பு அவளை விட்டுப் போன கணவன் உள்ளே வந்தான். கையில் அவள் தங்கை எழுதிய நாவல்.

"கடைசி அத்தியாயம் படிச்சேன். உன் மனசு இப்பத்தான் புரிஞ்சுது," என்றான்.

"கண்ணு டெஸ்ட்டுன்னா அங்க உட்காருங்க. இல்லன்னா கிளம்புங்க."

அவன் வாடிக்கையாளர்கள் முன்னால் அழத் தொடங்கினான். முதலாளி வந்து தோளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியதாயிற்று. புத்தகம் மேசையிலேயே கிடந்தது.

அக்கா அதுவரை அந்த நாவலைப் படித்ததில்லை. தங்கை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தாள். ஓடிப்போன புருஷன் மழையில் நனைந்த பூனை போலத் திரும்பி வருகிறான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும், கன்னத்தில் தழும்புள்ள மனைவி கதவைத் திறக்கிறாள்.

தங்கை சிரித்துக்கொண்டே வரவேற்றாள். அக்கா உட்காரவில்லை.

"கண்ணாடிக் கடை என்னுது. கன்னத்துத் தழும்பு என்னுது. கதவத் திறந்த கை யாருது?"

"அது கதை, அக்கா."

"அவன் நிஜமாவே ஒரு நாள் திரும்பி வந்து கதவத் தட்டினப்ப நீ பக்கத்து ரூம்லதான் இருந்த. நான் திறந்தேனா?"

"திறக்காம முடிச்சா படிக்கிறவங்களுக்கு நிறைவா இருக்காது. அவ்வளவு பக்கம் அழுதவங்களுக்கு ஏதாவது குடுக்கணும்ல."

"அதுக்கு என்னைத் தூக்கிக் குடுத்தியா? கால் நடுங்க நடுங்க தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதை எழுதியிருந்தா நானே நாலு பேருக்கு இந்தப் புக்கை வாங்கிக் குடுத்திருப்பேன்."

தங்கையின் முகம் இறுகியது. "உண்மையச் சொல்லட்டுமா? கல்லு மாதிரி நின்ன. உன்னை யாருக்கும் பிடிக்காது. கதையில வர்றவளைப் பிடிக்கும்."

"அப்ப அவளையே அக்கான்னு கூப்பிட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள்.

அதன் பிறகும் அவன் இரண்டு முறை கடைக்கு வந்தான். அக்கா வேறு கடைக்கு மாற வேண்டி வந்தது.

மறுபதிப்பு வரப்போகிறது என்றதும் தங்கை முடிவை மாற்றி எழுத உட்கார்ந்தாள். மனைவி தாழ்ப்பாளைப் பிடித்தாள் என்பதுவரை வந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. அக்காவுக்கு ஃபோன் செய்தாள்.

"அப்ப என்ன நினைச்சுக்கிட்டு நின்ன, அக்கா?"

"அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்று அக்கா ஃபோனை வைத்தாள்.

பழைய முடிவோடேயே புத்தகம் மறுபடி அச்சேறியது. கடைசி அத்தியாயத்தில் அழுதோம் என்று இன்றும் வாசகர்கள் சொல்கிறார்கள். தங்கை நன்றி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள்.