இருநூற்றுப் பதினேழின் இடது கண்

அழிப்பதில் நான் கெட்டிக்காரன். இதை நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு.

எங்கள் ஆய்வு மூன்று நிறுவனங்களின் கூட்டு. நாள் முழுக்க விளக்கடியில் குனிந்து நுணுக்க வேலை செய்கிறவர்களின் கண்கள் என்ன ஆகின்றன என்பதுதான் கேள்வி. எங்கள் நிறுவனம் ஆட்களைச் சேர்த்துக் கண்ணின் உட்பகுதியைப் படம் எடுக்கும். இரண்டாவது நிறுவனம் அந்தப் படங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதும். மூன்றாவது அதையெல்லாம் கூட்டிக் கழித்துக் கட்டுரையாக்கிப் பெயர் வாங்கும். மூன்றுக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு தரவுக் கிடங்கு இருந்தது. அதற்குக் காவல் நான். பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் கடவுச்சொல்லை மறந்துவிட்டு என்னிடம் வந்து நிற்பார்கள். நானும் கொஞ்ச நேரம் நிற்கவிட்டுத்தான் கொடுப்பேன்.

கிடங்கில் உள்ள படங்களில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மட்டும் தனியாக, பூட்டிய ஓர் இடத்தில், என் ஒருவனிடம் இருந்தது. முந்நூற்று நாற்பது பேர். ஆய்வுத் தலைவரே ஒருமுறை கேட்டார், முடியாது என்றுவிட்டேன்.

அந்த முந்நூற்று நாற்பதில் முப்பத்தொரு பேர் என் அக்காவும் அவள் அழைத்து வந்தவர்களும். அக்கா ஒரு தையல் கூடத்தில் மேற்பார்வையாளர். ஆள் சேராமல் நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்தபோது அவள்தான் கைகொடுத்தாள். சும்மா ஒன்றும் அந்தப் பெண்கள் வந்துவிடவில்லை. அதற்கு முந்தைய வருடம், கண் மங்குகிறது என்று வாய்விட்டுச் சொன்ன இரண்டு பேரை முதலாளி "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா" என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அந்த ஓய்வு இன்றுவரை முடியவில்லை.

"பேரு வெளிய போச்சுன்னா அவ்வளவுதான்டா," என்றாள் அக்கா. "அவங்க என்னை நம்பி வர்றாங்க. நான் உன்னை நம்பித்தான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஆய்வு முடிஞ்ச அன்னைக்கே பட்டியலை அழிச்சிடுவேன்க்கா. அதுக்கப்புறம் நானே தேடினாலும் கிடைக்காது."

அதை அப்படியே அவள் கூடத்தில் போய்ச் சொன்னாள். அவர்களும் வந்து, கண்ணைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். விதிப்படி எனக்கு மூன்று மாத அவகாசம் இருந்தது, நான் ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலை அழித்தேன். அதன் நகலை அழித்தேன். கிடங்கை நடத்தும் சேவைக்காரர்கள், கைதவறி அழிப்பவர்களுக்காக எதையும் முப்பது நாள் ஒளித்து வைத்திருப்பார்கள். அதையும் விடாமல், தனியாகப் படிவம் நிரப்பி, உடனே அழிக்கச் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். வந்தவர்கள் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட தாள்களை நறுக்கும் இயந்திரத்தில் நானே நின்று ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்று நிறுவனங்களும் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பின. அதை அக்காவுக்கு அனுப்பினேன், அவள் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினாள்.

நான்கு மாதம் கழித்து, கிடங்கையே மூடப்போகிறோம், உள்ளே இருப்பதைச் சுத்தம் செய் என்றார்கள். அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

எங்கள் படங்களை மனிதர்கள் பார்ப்பதற்கு முன்னால் ஒரு இணையச் சேவை தானாகச் சலித்துவிடும். தெளிவில்லாத படங்களை 'பிறகு பார்க்க' என்ற உறையில் ஒதுக்கிவிடும். அந்த உறையில் ஒன்பது படங்கள் கிடந்தன. இரண்டாவது நிறுவனத்தில் படம் படிக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நாங்கள் ஆளை மறுபடி கூப்பிட்டுப் படம் எடுத்திருப்போம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மூன்றாவது நிறுவனத்துக்கு அப்படி ஓர் உறை இருப்பதே தெரியாது. ஆறு கூட்டங்களின் குறிப்பிலும் 'தெளிவற்ற படங்கள் கவனிக்கப்படும்' என்று இருக்கிறது. யார் கவனிப்பார் என்று ஒன்றிலும் இல்லை. ஆறு குறிப்பையும் எழுதியவன் நான்தான்.

ஒன்பதையும் இரண்டாவது நிறுவனத்துக்கு அனுப்பினேன். அங்கே படம் படிப்பவர்களில் மூத்தவரான கண் மருத்துவரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். அவருக்கும் அது தெரியும். மறுநாள் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, அதுல எட்டு சும்மா. கண்ணைச் சிமிட்டியிருக்காங்க, அவ்வளவுதான். ஒன்னுதான் சரியில்ல. இருநூத்திப் பதினேழு, இடது கண்ணு. பின்பக்கம் கருப்பா ஒரு திட்டு இருக்கு. மச்சம்னு விட்டுட முடியாது, இது வளர்ற ஜாதி, புத்துநோயா இருக்கலாம்."

"எவ்வளவு நாள் இருக்கு மேடம்?"

"படம் எடுத்தே பதினோரு மாசம் ஆச்சேப்பா. இப்பப் பிடிச்சா கண்ணு மட்டும் போறதோட முடியலாம். விட்டா ஈரலுக்கு இறங்கிடும், அப்புறம் உசிருக்கு யாரும் பொறுப்பில்ல. வலிக்கவும் வலிக்காது, அதனால தானா வரவும் மாட்டாங்க. பேரைச் சொல்லு, இன்னைக்கே கூப்பிடுறேன்."

பட்டியல் இருந்த இடத்தைத் திரையில் திறந்தேன், காலி.

"தம்பி? இருக்கியா?"

"பேரு இல்ல மேடம். பட்டியலை அழிச்சாச்சு."

"அட, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எங்கயாவது ஒரு நகல் கிடக்கும், தேடிப் பாரு."

மற்றவர்கள் வேலையில் கிடக்கும். என் வேலையில் கிடக்காது. இருந்தாலும் தேடினேன். பழைய கணினி, பழைய மின்னஞ்சல், மேசையின் அடி இழுப்பறை, ஒன்றையும் விடவில்லை. சேவைக்காரர்களுக்கு எழுதினேன். 'தங்கள் வேண்டுகோளின்படி நிரந்தரமாக அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தது, கீழே சிரிக்கும் முகம் ஒன்று போட்டிருந்தார்கள். திரையில் அவசரக் கூட்டம் நடந்தது. "மூணு மாசம் டைம் இருந்துச்சே, ஏன் அவ்வளவு அவசரம்?" என்றார் தலைவர். அழிக்கும் படிவத்தில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றேன். "நான் எல்லாத்துலயும்தான் போடுறேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

எண்ணோடு சில விவரங்கள் மட்டும் கிடங்கில் இருந்தன. பெண். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில். படம் எடுத்த மூன்றாவது முகாம். மூன்றாவது முகாமுக்கு வந்தவர்கள் அக்காவின் முப்பத்தொரு பேர்தான், வேறு யாருமில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். பாதியில் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ எங்கள்ல ஒருத்திக்கா?"

"ஆமாக்கா."

"நீதானடா அத்தனை பேரையும் எழுதினவன். ஒரு பேரு கூடவா ஞாபகம் இல்ல?"

இல்லை. மனதில் நிற்கக் கூடாது என்றே வேறு எதையாவது நினைத்துக்கொண்டு தட்டச்சு செய்தவன் நான். அதையும் ஒரு ஒழுக்கம் என்று வைத்திருந்தேன்.

முப்பத்தொரு பேரில் அந்த வயதுக்காரர்கள் பதினேழு. அக்காவும் அதில் ஒருத்தி. மறுநாள் காலையில் அவள்தான் முதலில் பூதக்கண்ணாடியிடம் போய்க் கண்ணைக் காட்டினாள், நன்றாக இருந்தது. நான் போய்க் கழிப்பறையில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அழுகை முடியும்போதுதான், அப்படியென்றால் மற்ற பதினாறில் ஒருத்தி என்பது உறைத்தது.

கூடத்தில் சாப்பாட்டு வேளையில், முதலாளி இல்லாத நேரம் பார்த்து, அக்கா விஷயத்தைச் சொன்னாள். எந்தக் கண் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், என் அந்தக் கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவரவரே தீர்ப்பு எழுதிக்கொண்டு வராமல் இருந்துவிடுவார்கள் என்று பூதக்கண்ணாடி எச்சரித்திருந்தார்.

"அழிச்சாச்சுன்னு நீதானக்கா சொன்ன," என்று ஒருத்தி கேட்டாளாம். "அழிச்சிருந்தா எங்கள்ல ஒருத்தின்னு எப்படித் தெரியும்? அக்காவும் தம்பியும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா?"

படம் இருக்கிறது, பெயர்தான் இல்லை என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். படம் இருந்தால் பெயரும் இருக்கும் என்றுவிட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் அக்காவின் முகத்துக்காக ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போவார்கள், நான் வெளியே நடைபாதையில் நிற்பேன். கண் நன்றாக இருக்கிறது என்று பூதக்கண்ணாடி சொல்லும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. ஒரு மனுஷி நன்றாக இருக்கிறாள் என்று கேட்டு முகம் வாடிய பாவி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிழைத்துப் போகிறவர்கள் போகப் போக, மிச்சம் இருப்பவர்கள் மேல் அது நெருங்கிக்கொண்டே வந்தது.

மிச்சம் ஏழு பேர். அக்கா வீடு வீடாகப் போனாள். ஒருத்தி, "ஊசியில நூல் கோக்க எனக்கு இப்பவும் கண்ணாடி வேண்டாம், போக்கா," என்றாள். இன்னொருத்தியின் புருஷன் கதவைப் பாதி திறந்து, பாதியிலேயே மூடினான். இதற்குள் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. கூடத்துக்கே மருத்துவரைக் கூட்டி வந்து அத்தனை பேருக்கும் கண் பரிசோதனை செய்யப்போவதாக அவர் அறிவித்தார். அக்கறையாம். அடுத்த திங்கட்கிழமை அந்த ஏழு பேரில் ஐந்து பேர் வேலைக்கு வரவில்லை. வேறு கூடங்களில் சேர்ந்துவிட்டார்கள் என்றார்கள், எந்தக் கூடம் என்று கேட்டால் வாயைத் திறப்பார் இல்லை. அவர்களுடைய கைபேசிகள் அக்காவின் எண்ணைக் கண்டால் எடுப்பதில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

கடைசியாக எனக்கு ஒரு யோசனை வந்தது. என் மேசையில் ஒரு பழைய தொலைபேசி இருக்கிறது. கூப்பிடுகிறவர் எண் அதில் தெரியாது. அந்த எண்ணைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, தெரிந்தவர்கள் மூலமாக அந்த ஏழு பேருக்கும் கொடுத்தனுப்பச் சொன்னேன். பெயர் சொல்ல வேண்டாம், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம், சந்தேகம் இருந்தால் கேளுங்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் மேசையை விட்டு நகரவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே வைத்துச் சாப்பிட்டேன். மாதக் கடைசியில் கிடங்கு மூடப்படும் என்று தலைவர் இரண்டு முறை நினைவூட்டினார். ஒன்பதாவது நாள், பதினொரு மணி வாக்கில் தொலைபேசி அடித்தது.

"மேற்பார்வை அக்காவோட தம்பிங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"ஒன்னு கேக்கணும் சார். அது இடது கண்ணுங்களா?"

"ஆமாங்க. எதுக்குக் கேக்குறீங்க?"

அவளுக்குப் பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஓரத்துல நிழல் மாதிரி ஒன்னு வருது. ரெண்டு மாசமா. முதல்ல அப்பப்ப வந்துச்சு, இப்பப் போகவே மாட்டேங்குது."

"அம்மா, நீங்க இன்னைக்கே வந்துடுங்க. நானே வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். எங்க இருக்கீங்க?"

"வந்தா சரியாயிடுமா?"

ஆயிடும் என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "பார்த்தாத்தான் தெரியும்," என்றேன்.

"கண்ணு போயிடுமா?"

"போகலாம்மா. ஆனா உசிரு தப்பிக்கும். தள்ளிப்போடத் தள்ளிப்போட அதுவும்..."

"புது இடத்துல இப்பத்தான் சார் சேர்ந்திருக்கேன்," என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "என் பேரு உங்ககிட்ட இல்லைதான?"

"இல்லம்மா."

"நிச்சயமா இல்லையா?"

"நிச்சயமா இல்ல. என் கையாலயே அழிச்சேன்."

"அது போதும் சார்," என்று வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிடுவாள் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் எப்படி இருந்தது என்று கேட்டாள். சன்னமா, கனமா, இருமினாளா, இழுத்து இழுத்துப் பேசினாளா? கூடத்தை விட்டுப் போன ஐந்து பேரையும் வரிசையாகச் சொல்லி, இவள் இப்படிப் பேசுவாள், அவள் அப்படிப் பேசுவாள் என்று பேசிக்கூடக் காட்டினாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூப்பிட்டவள் சொன்னதுதான் காதில் இருந்தது, குரல் இல்லை.

"பேரு இல்லையான்னு கேட்டப்போ நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன்."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"இருக்கு, நீ யாருன்னு எனக்குத் தெரியும்னு சொல்லியிருந்தா பயந்துக்கிட்டாவது வந்திருப்பாளேடா," என்றாள்.