அப்பா போட்ட ஃப்ளஷ்

மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து படம் வரைந்து கொண்டுவரும், களிமண்ணில் யானை செய்து கொண்டுவரும். என் மகள் தினமும் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்க்கவே வேண்டாம். உள்ளே அவளுடைய ஈர ஜட்டியும் கவுனும் இருக்கும். அவள் போட்டுக்கொண்டு வருவது பள்ளிக்கூடத்து மாற்றுத்துணி. யாரோ ஒரு பையன் போட்டுக் கழித்த, முழங்காலில் ரயில் படம் உள்ள கால்சட்டை. அந்த ரயிலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான்கரை வயது அவளுக்கு. பெயரெல்லாம் வைத்திருக்கிறோம், ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். வீட்டில் ஒரு சொட்டுச் சிந்த மாட்டாள். வந்தால் போவாள், தானே தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் மட்டும் காலை பதினோரு மணி அடித்தால் ஆறு ஓடும்.

இதில் எனக்குத் தனியாக ஒரு அவமானம். நான் பிளம்பர். பதினேழு வருஷமாக ஊரில் உள்ளவர்கள் எல்லாம் நிம்மதியாகப் போவதற்கு வழிசெய்து கொடுத்தவன். என் பிள்ளை நின்ற இடத்திலேயே விட்டால் என் தொழிலுக்கு என்ன மரியாதை? அதுவும் அந்தப் பள்ளிக்கூடத்து டாய்லெட்டில் ஃப்ளஷ் மாட்டியதே நான்தான். பழையது கெட்டுப்போய், வாளி தூக்கித் தூக்கி ஆயாம்மாவுக்கு இடுப்பே விட்டுப்போச்சு என்று கேள்விப்பட்டு, கூலி வாங்காமல் செய்து கொடுத்தேன். கோப்பை என்னவோ பிள்ளைகள் உட்காருகிற குட்டிக் கோப்பைதான். ஆனால் நான் போட்ட வால்வு பெரிய கட்டடங்களுக்குப் போடுவது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் சும்மா சீறிக்கொண்டு வரும். அழுத்திக் காட்டியதும் பெரிய டீச்சரே கைதட்டினார். என் வீட்டு ஃப்ளஷ் இரண்டு வருஷமாக வேலை செய்யவில்லை, வாளியும் குவளையும்தான். அதை இங்கே பேச வேண்டாம்.

அந்தப் பெரிய டீச்சர்தான் திங்கட்கிழமை என் மனைவியைக் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த மாசம் இந்தப் பிள்ளைங்க எல்லாம் பக்கத்துக் கட்டடத்துக்கு, பெரிய வகுப்புக்குப் போறாங்க. அங்க ஆயா கிடையாது, மாத்துத்துணி கிடையாது. தானாப் போய் தானா வர்ற பிள்ளையைத்தான் அனுப்புவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்மா. இல்லன்னா வாண்டு இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும்."

இதை வீட்டில் ரகசியமாகத்தான் பேசினோம். எங்கள் வீட்டு ரகசியம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வாண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"எல்லாரும் போயிட்டா நான் யாருகூட உக்காருவேன்?"

என் மனைவி குனிந்து அவளை வெளியே இழுக்கக் கை நீட்டினாள். வாண்டு பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் பை வந்தது. புதன்கிழமை மதியம், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

வாண்டுவின் டீச்சரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. முப்பது வயதுகூட ஆகாது. எப்போது பார்த்தாலும் தரையில் உட்கார்ந்திருப்பார், துணியில் பெயிண்ட், முடியில் பசை. சம்பளம் வாங்கிக்கொண்டு முயல் மாதிரி குதிப்பது ஒரு வேலையா? நாங்கள் சாக்கடையில் இடுப்பளவு இறங்கி நிற்கிறோம், இவர்கள் கைதட்டிப் பாடுகிறார்கள். யாரோ என் பிள்ளையை மிரட்டுகிறார்கள், இந்தம்மா பாட்டு மும்முரத்தில் கண்டுகொள்ளவில்லை என்று வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் "டீச்சர்!" என்று எகிறினேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். தரையெல்லாம் பாய். வாண்டுவோடு சேர்த்து இருபது பிள்ளைகளும் தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"திட்டுங்க, வாண்டு அப்பா. ஆனா மெதுவாத் திட்டுங்க. ஒரு மணி நேரம் போராடித் தூங்க வச்சிருக்கேன்."

கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதைப்போல வெட்கக்கேடு உலகத்தில் கிடையாது.

"என் பிள்ளையை இங்க யாரு மிரட்டுறது?" என்றேன், காற்றாக.

"முதல்ல அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க. சத்தம் வராம."

வைத்தேன். உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்ததும் இரண்டு முட்டியும் தாடையைத் தொட்டன. அப்படி உட்கார்ந்துகொண்டு எவனாலும் கோபமாக இருக்க முடியாது. நானும் எவ்வளவோ முயன்றேன்.

டீச்சர் மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வாண்டுவுக்காகவே ஒரு நோட்டு. எந்த நாள், எத்தனை மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டாள், யார் பக்கத்தில் நின்றாள் என்று இருபத்துமூன்று நாள் எழுதியிருந்தார். நான் தண்ணீர் கசியும் வீட்டில்கூட இவ்வளவு ஆராய்ந்தது கிடையாது.

"பத்தரை மணிக்கு எல்லாரையும் வரிசையா டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். உங்க பொண்ணு ஓடி வந்து முதல்ல நிப்பா. கதவுகிட்ட வந்ததும் பின்னாடி நிக்கறவங்களுக்கு வழி விட்டுடுவா. நீ போ, நீ போன்னு. கடைசியில மணி அடிச்சிடும், இவ போகாமலே திரும்பி வந்துடுவா. முதல் ரெண்டு வாரம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? எவ்ளோ நல்ல மனசுன்னு பாராட்டி, அவ கையில தினம் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன்."

"நட்சத்திரமா?"

"ஆமா. டாய்லெட் போகாததுக்கு நானே பரிசு குடுத்திருக்கேன். அது முழுக்க என் தப்பு."

தன் தப்பை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் பைப் வெடித்தால் முதலில் கொத்தனாரைத்தான் சொல்லுவோம்.

"அப்புறம் பாத்தா, உள்ள தண்ணி சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கறா. சத்தம்தான் பயம்னு நினைச்சேன். ஆனா இடி இடிச்சா சிரிக்கறா. வகுப்புல டிரம் அடிக்கறதே அவதான். கேட்டுப் பாத்தேன், வாயைத் திறக்கல. சரி, அவளுக்காகக் கேட்டாத்தானே சொல்ல மாட்டா, பொம்மைக்காகக் கேப்போம்னு இன்னைக்குக் காலையில ஒரு பொம்மையைக் குடுத்து, பாப்பாவுக்கு அவசரமா வருதாம், நீ கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். வாசல் வரைக்கும் போனா. பொம்மையை நெஞ்சோட இறுக்கிக்கிட்டு, 'வேணாம் பாப்பா, அது ஆளை உள்ள இழுத்துடும்'னு சொல்லித் திரும்பி வந்துட்டா."

"எந்த மடையன் அவகிட்ட அப்படிச் சொன்னான்?" என்று என்னை மறந்து கத்திவிட்டேன். ஒரு பையன் புரண்டு படுத்தான்.

டீச்சர் என்னையே பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"அவ அப்பா சொன்னாராம்."

ஃப்ளஷ் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போன அன்று வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் பீற்றிக்கொண்டது அப்படியே காதில் கேட்டது. 'நான் போட்ட ஃப்ளஷ்ஷு எப்படின்னு நினைச்ச? அழுத்தினா ஆளையே உள்ள இழுத்துடும்!' மனைவிக்காகச் சொன்னது. அவள் காதில்கூட வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற வாண்டு ஒரு எழுத்து விடாமல் வாங்கியிருக்கிறாள்.

"இதை ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லல அவ? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அதையும் கேட்டேன். 'அப்பா ஆசையாப் போட்டது. எனக்குப் புடிக்கலன்னு தெரிஞ்சா அப்பா பாவம்'னா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு என்கிட்ட சத்தியம் கேட்டா. நான் பண்ணல."

அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். சத்தம் வராமல்தான். தினமும் வகுப்பு நடுவில் நனைந்து நின்று, ரயில் கால்சட்டை போட்டுக்கொண்டு, எல்லாம் என் வெட்டிப் பெருமைக்குக் குறை வந்துவிடக் கூடாது என்று! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இப்பவே வால்வைக் கழட்டிட்டு வேற மாட்டிடறேன்" என்று எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. டீச்சர் அதைப் பிடித்து இழுத்துக் கழற்றினார்.

"மாத்தாதீங்க. பக்கத்துக் கட்டடத்துல எட்டு டாய்லெட் இருக்கு. எட்டையும் மாத்துவீங்களா? ஊர்ல இருக்கறது எல்லாத்தையும்? பயம் டாய்லெட்ல இல்லீங்க, அவகிட்ட இருக்கு. பொய்னு நீங்கதான் புரிய வைக்கணும். சீக்கிரம் பண்ணுங்க, அவ பொம்மைகிட்டச் சொன்னதைக் கேட்டு இன்னும் ரெண்டு பேரு உள்ள போக மாட்டேங்கறாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையில்.

"வாய் மட்டும் இல்லன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். போங்க, போய்ப் பிள்ளைகிட்ட ஒழுங்காச் சொல்லுங்க."

வாண்டுவை மடியில் உட்காரவைத்தேன். "தங்கம், அப்பா அன்னைக்குச் சொன்னது பொய்டா. அந்த ஃப்ளஷ் யாரையும் இழுக்காது. சாதா ஃப்ளஷ்தான்."

அவள் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். "இல்லப்பா. நீங்க நல்லாத்தான் போட்டிருக்கீங்க. நல்லா இழுக்கும்."

என்ன சொல்லியும் எடுபடவில்லை. என் வேலைக்கு இதுவரை கிடைத்த பாராட்டிலேயே இதுதான் என்னை இப்படி அடித்துப்போட்டது. வியாழக்கிழமையும் பை வந்தது. முடிச்சை அவிழ்க்கும்போதே யோசனை வந்து டீச்சருக்கு ஃபோன் போட்டேன்.

"டீச்சர், நான் காலை உள்ள விட்டுக் காட்டறேன்."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "ஆயாம்மாகிட்ட நல்லாக் கழுவி வைக்கச் சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி. டாய்லெட் வாசலில் மற்ற பத்தொன்பது பிள்ளைகளும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். பெரிய டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். வாண்டு அவருக்கும் பின்னால், சுவரோடு சுவராக. டீச்சர் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

கடைசி நேரத்தில் வெட்கம் வந்து, காலுக்குப் பதிலாகச் சட்டைக்கையை மடித்துக் கையைக் கோப்பைக்குள் விடப்போனேன்.

"கை ஒல்லியா இருக்கு. காலை வைங்க. காலை விடுவீங்கன்னுதானே டீச்சர் சொன்னாங்க" என்றான் முன்னால் நின்ற ஒருவன். எங்கிருந்து வருகிறார்களோ இப்படிப்பட்ட வக்கீல்கள்.

பேன்ட்டை முட்டிவரை மடித்தேன். இடதுகாலைத் தூக்கி உள்ளே வைத்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. பதினேழு வருஷ அனுபவசாலி, கக்கூஸ் கோப்பைக்குள் ஒரு காலோடு நிற்கிறேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அழுத்தினேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல வால்வுதான். தண்ணீர் இரைந்துகொண்டு வந்து முட்டிவரை அடித்தது. பிள்ளைகள் வீலென்று கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"அப்பா!"

பெரிய டீச்சரை இடித்துத் தள்ளி, நான்கு பிள்ளைகளை மிதித்து, வாண்டு உள்ளே பாய்ந்து வந்தாள். என் இன்னொரு காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்தாள். "விடு! எங்க அப்பாவை விடு!" என்று கோப்பையைப் பார்த்துக் கத்தினாள்.

தண்ணீர் வடிந்தது. குழாயில் மிச்சத் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. நான் அங்கேயேதான் நின்றேன்.

அவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இழுக்கல."

"இழுக்காதுடா தங்கம்."

"அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

"பொய்தான்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும் ஆயாம்மாவும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "பெருமைக்குத்தான்" என்றேன். "அப்பா பெரிய ஆளுன்னு எல்லாரும் நினைக்கணும்னு. தப்புத்தான், வாண்டு. மன்னிச்சிடு."

அவள் மன்னித்த மாதிரி தெரியவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு யோசித்தாள். கால் இரண்டையும் பின்னிக்கொண்டாள். அதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள்.

போனோம். நான் ஒரு கால் சொட்டச் சொட்ட நொண்டிக்கொண்டு போனேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பெரிய டீச்சர் ஏதோ சொல்ல வந்தார், டீச்சர் அவருக்கும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பெரிய டீச்சரும் அடங்கினார்.

பிறகு கேட்டது, ஒரு மெல்லிய சத்தம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் மறுபடி ஒன்றுமில்லை. அழுத்தாமலே வந்துவிடட்டும், அதுவே போதும் என்று நினைத்தேன்.

தண்ணீர் சீறியது. அடுத்த நொடி கதவு படாரென்று திறந்து, வாண்டு அம்புமாதிரி வந்து என் ஈரக்காலைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. பயம் போகவே இல்லை. பயத்தோடுதான் அழுத்தியிருக்கிறாள். அவளை அள்ளித் தூக்கிக்கொள்ளக் குனிந்தேன்.

"வாண்டு, கை கழுவிட்டியா?" என்றார் டீச்சர், தரையில் உட்கார்ந்தபடியே.

கைகழுவும் குழாய் உள்ளே, கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. வாண்டு என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். என் காலை விட்டாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தனியாக மறுபடி உள்ளே போனாள்.